ஆணி கேட்ட மரம்

வெற்றிலையைக் கூம்பாகச் சுருட்டி, அதன் முனையை அழகுமலையின் கடைவாயில் பல் விழுந்திருந்த சந்துக்குள் செருகி, சின்னப்பிள்ளை கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். போன ஆடியில் அந்தப் பல் விழுந்தபோது, "இனி முறுக்குச் சுடுற வேலை மிச்சம்" என்று புருஷனைக் கேலி செய்தவள் அவள்தான். இப்போது மற்றப் பற்களெல்லாம் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நாலு நாளாகிறது. அந்தச் சந்து ஒன்றுதான் வழி. மூன்று சொட்டு உள்ளே போனால் ஒரு சொட்டு தாடையில் வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

வில்வாத ஜன்னி என்று வைத்தியர் பெயர் சொன்னார். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது என்று இரண்டே பத்தியம் சொன்னார். ஒரு செம்பு உருண்டால் போதும், தலையும் குதிகாலும் பாயில் பதிய மனுஷனின் நடு உடம்பு எழும்பி நின்றுவிடும். புத்தி மட்டும் பிசகவில்லை. கண் எல்லாவற்றையும் பார்த்தது. முகமோ, கன்னம் இழுத்து உதடு விரிந்து, எந்நேரமும் எதற்கோ சிரிப்பதுபோலவே இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஒருத்தி, "சிரிச்ச மொகமாத்தான் இருக்காரு" என்று சொன்னாள். அவளை விளக்குமாற்றால் அடித்து விரட்ட வேண்டும்போல் இருந்தது சின்னப்பிள்ளைக்கு. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டலாமா என்று கேட்டதற்கு, "வண்டிக் குலுக்கல்லயே போயிரும்மா" என்று சொல்லிவிட்டு வைத்தியர் படியிறங்கினார்.

அன்னவாசலில் ஒரு தெரு நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தது. உரலில் உலக்கை விழவில்லை. எதிர்வீட்டு நாயைக் கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். சண்டை போடுகிறவர்கள்கூடக் கையை ஆட்டிச் சண்டை போட்டார்கள்.

இத்தனைக்கும் உள்ளங்கையில் இருந்த காயம் ஒரு நெல் நீளம்கூட இல்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு நடந்தது அது. சின்னப்பிள்ளை பிறந்த ஊரான வல்லத்திராக்கோட்டையில், கண்மாய் போகும் வழியில் நின்ற புளியமரம் ஐப்பசிக் காற்றில் சாய்ந்துவிட்டது. அதைப் பலகையாக அறுத்துக் கொடுக்க அழகுமலையைக் கூப்பிட்டார்கள். மரம் அறுப்பதில் ஆள் இரண்டு. குழிக்கு மேலே கிடத்திய கட்டையின்மீது ஏறி நின்று ரம்பத்தை மேலே இழுப்பவன் மேலாள். குழிக்குள் நின்று, கண்ணிலும் வாயிலும் தூள் கொட்டக் கீழே இழுப்பவன் கீழாள். அழகுமலை மேலாள், ராக்கன் கீழாள். ரம்பத்துக்குக் கூர் வைப்பதும் அறுக்க வேண்டிய கோட்டுக்குக் கரிநூல் அடிப்பதும் மேலாள் பொறுப்பு. கட்டையின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, பட்டையில் கவட்டையில் கல் கில் ஏறியிருந்தால் நோண்டி எடுப்பது கீழாள் பொறுப்பு.

ஆனால் கல்லைவிடப் பெரிய சத்துரு ஆணி. புளியமரம் என்றால் கேட்கவே வேண்டாம். பேய் பிடித்த பெண்ணின் உச்சி முடியைப் பிடுங்கிச் சுற்றி, நாலு அங்குல ஆணியாக அடித்துவிட்டுப் போவார்கள் கோடாங்கிகள். பத்து வருஷத்தில் மரம் அதை விழுங்கிவிடும். வெளியே தழும்புகூடத் தெரியாது. அதனால் ஊர்ப்பக்கத்து மரத்தில் ரம்பம் வைக்குமுன் மேலாள் கட்டைமேல் ஏறி நின்று மூன்று தடவை கேட்பான். யாருக்காவது தெரிந்தால் சொல்லிவிட வேண்டும். ஏன், எதற்கு, யாருடையது என்று திருப்பிக் கேட்கமாட்டார்கள். அந்த இடத்தை விட்டு அறுப்பார்கள். அவ்வளவுதான் வழக்கம்.

"ஆணி அடிச்சவுக இருந்தாச் சொல்லிருங்க" என்று அழகுமலை அன்றைக்குக் கேட்டான். சின்னப்பிள்ளை கஞ்சிப் பானையோடு நின்றாள். அண்ணன் திருப்பதி நின்றான். அண்ணன் பெண்சாதி, அவள் தங்கைகள், தெருவே நின்றது. இரண்டாவது தடவை கேட்டான். மூன்றாவது தடவை கேட்டான்.

அந்த மரத்தில் ஆணி இருந்தது. அது அவள் ஆணி. பதின்மூன்று வயதில் ராத்திரியில் எழுந்து நடந்தாள் என்று, விடியுமுன் அவள் அம்மா எங்கிருந்தோ ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்து அடித்தது. அண்ணன் அப்போது கண்டித் தேயிலைத் தோட்டத்தில் இருந்தான். பேய் பிடித்த பெண் என்று வெளியே தெரிந்தால் எவன் தாலி கட்டுவான்? அம்மாவும் செத்தாள், கோடாங்கியும் செத்தான். மிச்சம் அவள் ஒருத்தி. சாய்ந்து கிடக்கும் மரத்தில் ஆணி எந்தப் பக்கமோ, இருபது வருஷத்தில் துருவாகக் கரைந்திருக்காதா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அண்ணன் பெண்சாதியின் கண்ணுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

உச்சிப்பொழுதில் ரம்பம் வீறிட்டது வீடுவரை கேட்டது. பதினோரு பல் போயிற்று. சாயங்காலம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்த அழகுமலை, "கல்லு. ராக்கன் சரியாப் பாக்கல. நோண்டயில உளி கிழிச்சிருச்சு" என்றான். கல் என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு அவள் பிள்ளையாருக்கு விளக்குப் போட்டாள். எட்டு ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

கொல்லைப்பக்கம் எங்கிருந்தோ அந்தச் சத்தம் வந்தது. இரும்பில் அரம் இழுபடும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்புக்கு அழகுமலையின் உடம்பு பாயை விட்டு எழும்பிற்று. சின்னப்பிள்ளை அவன் தோளைப் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்து, அது அடங்கியதும் செருப்பில்லாக் காலோடு கொல்லை வழியாக ஓடினாள்.

மூன்று வீடு தள்ளி, வேம்படியில் ரம்பத்தை இரண்டு கட்டைக்கு நடுவில் நிறுத்திவைத்து ராக்கன் அரம் போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"அறிவிருக்கா தம்பி ஒனக்கு? அங்கிட்டு மனுசன் வில்லா வளையிறாரு."

"கேக்காதுன்னு நெனச்சேன் மதினி." அரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். "பாதிப் பல்லு எறக்கிருக்காரு. பாதி அப்புடியே நிக்கிது. இத வச்சு ஒரு சட்டம்கூட அறுக்க முடியாது. அண்ணன் எந்திரிச்சு வரயில தயாரா இருக்கட்டுமேன்னு..."

எழுந்து வரமாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு பல் உடைந்தால் மற்ற எல்லாப் பல்லையும் அந்த மட்டத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். உயர்ந்த பல் மட்டும் மரத்தைக் கடித்தால் ரம்பம் நேராக ஓடாது. பதினாறு வருஷமாக விடியற்காலையில் அழகுமலை அரம் போட, ரம்பம் அதிராமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். பார்த்த மாத்திரத்தில் ராக்கன் செய்திருந்த காரியம் தெரிந்தது. உலகச் சண்டை நடக்கிற இந்தக் காலத்தில் ஒரு நல்ல அரத்துக்குத் திருச்சிராப்பள்ளிவரை அலைய வேண்டியிருக்கிறது. அதை இவன் தேய்த்துப் பாழாக்கிக்கொண்டிருந்தான்.

"வரிசையா தேச்சிக்கிட்டே போறியே. ஒரு பல்லு விட்டு ஒரு பல்லு தேய்க்கணும். அப்பறம் திருப்பி வச்சு மிச்சத்தத் தேய்க்கணும். எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சா ரம்பம் கோணிக்கிட்டுப் போகும்."

"கீழாளுக்கு என்ன தெரியும் மதினி."

"கல்லப் பாக்கத் தெரியணும்ல?" என்றாள். சொல்லியிருக்க வேண்டாம். நாலு நாள் தூக்கமில்லாத வாய் சொல்லிவிட்டது. "அத ஒழுங்காப் பாத்திருந்தா அவரு இப்புடிக் கெடப்பாரா?"

ராக்கன் அரத்தை ரம்பத்தின்மேல் வைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கல்லு இல்ல மதினி."

அவன் குரலை இன்னும் தாழ்த்தினான்.

"ஆணி. நாலு அங்குலம் இருக்கும். சுத்தி முடி. பொம்பளப்புள்ள முடி. அண்ணந்தான் குறடு போட்டுப் புடுங்குனாரு. வரயிலதான் கையக் கிழிச்சிச்சு. அந்த முடிய ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பறம் ஒங்க அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு தடவ பாத்தாரு. ஆணியக் கண்மாயில வீசிட்டு, கல்லுன்னு சொல்லுடான்னாரு. ஏண்ணேன்னு கேட்டேன். எனக்குப் பொண்ணு குடுத்த ஊருடா, கேக்காதேன்னாரு. நான் கேக்கல."

"ஒன்னயத் திட்டுவாங்கன்னு தெரியாதா அவருக்கு?"

"ரெண்டு நாளு பேசிட்டு விட்ருவாங்கன்னாரு. ரெண்டு நாளுதானேன்னு நானும் சரின்னுட்டேன். இப்புடி ஆகும்னு யாரு கண்டது?" மேல்துண்டால் முகத்தைத் துடைத்தான். "முத்துராமன் பெரியப்பா அறுப்புச் செட்டுல இனிமே என்னயச் சேக்கமாட்டாங்களாம். பொன்னுத்தாய் அவ ஆத்தா வீட்டுக்கே போயிருவமான்னு கேக்குறா. அதுக்குத்தான் கூர் வைக்கவாச்சும் படிச்சுக்கிருவோம்னு..."

சின்னப்பிள்ளை திரும்பி நடந்தாள்.

இருட்டறைக்குள் வந்து புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும். மனுஷன் போவதற்குள் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? அவள் குரலே அவனை முறித்துப் போட்டுவிடும். வாய் திறந்திருக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டவளுக்கு, திறக்க ஆசைப்படும் நேரத்தில் திறக்க விதியில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அது சிரித்தது. கோபமா, வருத்தமா, மன்னித்தானா, ஒன்றும் அதில் படிக்க முடியவில்லை.

கொண்டையை அவிழ்த்தாள். உச்சியில் ஒரு காலணா அகலத்துக்கு முடி முளைக்காத இடம் உண்டு. கோடாங்கி பிடுங்கிய இடம். பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அதன்மேல் முடியை இழுத்து மூடாமல் அவன் முன்னால் வந்ததில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று அவன் தீபாவளிக்குத் தீபாவளி கேட்டும் விட்டதில்லை. இப்போது குனிந்து, அவனுடைய வலதுகையை மெல்ல எடுத்துத் தன் தலையில் வைத்தாள். விறைத்த விரல்கள் காதோரம்தான் எட்டின. அதற்குமேல் தூக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த விரல்களில் ஒன்று தானாக நகர்ந்தது. முடிக்குள் மெதுவாக ஊர்ந்து உச்சிக்கு வந்து, தேடாமல், தடவாமல், அந்த வழுக்கையின்மேல் வந்து நின்றது. இடம் தெரிந்த விரல் அது. அவள் தூங்கும்போது எத்தனை தடவை வந்து போனதோ.

அவள் சத்தமில்லாமல் அழுதாள். தோள் குலுங்கினால் அவன் கை அதிருமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெயில் கூரை உச்சிக்கு வந்தபோது கடைசி இழுப்பு வந்தது. அதை எழுப்ப எந்தச் சத்தமும் வேண்டியிருக்கவில்லை. உடம்பு எழும்பியது, நின்றது, பிறகு பாயில் இறங்கியது. இந்த நாலு நாளில் அது அப்படிப் பாயோடு பாயாக இறங்கியதே இல்லை. நன்றாகத் தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

வாசலில் செய்தி போய், முதல் ஒப்பாரிக் குரல் ஓங்கி எழுந்தது. "ஸ்ஸ்... சத்தம் போடாதீங்க" என்று சின்னப்பிள்ளை எழுந்து ஓடி வாசலில் கையை நீட்டினாள். பெண்கள் சட்டென்று அடங்கினார்கள். பிறகு அவளைப் பார்த்துவிட்டு, முன்னிலும் பெரிதாக அழுதார்கள்.

திருப்பதிக்கு முந்தின நாளே ஆள் போயிருந்ததால் மூன்று மணிக்கெல்லாம் தங்கைக்குக் கோடிச் சேலையோடு வந்து இறங்கிவிட்டான். சுற்றுவட்டத்து அறுப்புக்காரர்கள் எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் முத்துராமன். அறுப்புக்காரன் செத்தால் அறுப்புக்காரர்கள்தான் தூக்க வேண்டும். மேலாள் போனால் அவனுடைய கீழாள் தலைமாட்டுக்குத் தோள் கொடுக்க வேண்டும். அது அவர்கள் முறை.

குளிப்பாட்டி, பாடையில் ஏற்றி, கயிறு கட்டியாயிற்று. ராக்கன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலைமாட்டுப் பக்கம் வந்தான்.

"தள்ளி நில்லுடா" என்றார் முத்துராமன்.

ராக்கன் நின்றான்.

"கல்லத் தட்டிப் பாக்காதவன் தோள்ல அவன் போகணுமா? எம் மக்களும் மேலாளாத்தான் நிக்கிறானுக. நாளைக்கு எவன நம்பிக் கட்டையில ஏறுவானுக? வேற யாராச்சும் வாங்கப்பா."

ராக்கன் சின்னப்பிள்ளை இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு பின்னால் போனான். வேலியோரம் இடுப்பில் பிள்ளையோடு நின்ற அவன் பெண்சாதி பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டத்து நடுவில் இரண்டு பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ, சின்னப்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருந்தால் போதும். அவன் அதைத்தானே விரும்பினான்? தன் கை கிழிந்ததைக்கூட அவளுக்காகக் கல் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன் அவன். செத்தவன் பொத்தி வைத்ததை உயிரோடிருக்கிறவள் போட்டு உடைப்பதா? எதிரே அண்ணன் நின்றான். அவனுக்குக் கட்டிக்கொடுக்க இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அத்தைக்குப் பேய் என்றால் மருமகளுக்கும் பேய் என்பார்கள். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், துண்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போகும் ராக்கனின் முதுகு. அதில் இன்னும் புளியமரத் தூள் ஒட்டியிருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

கழுத்தைச் சுற்றியிருந்த கைகளை விலக்கிவிட்டு எழுந்தாள்.

"அவன்மேல குத்தம் இல்ல பெரியப்பா" என்றாள். "அது கல்லு இல்ல. ஆணி."

அழுகை அங்கங்கே நின்றது.

"நீ பேசாம இரு ஆத்தா" என்றான் திருப்பதி. "புத்தி தடுமாறி நிக்கிது. யாராச்சும் உள்ள கூட்டிட்டுப் போங்க."

"புத்தி நல்லாத்தாண்ணே இருக்கு. புளியமரத்து ஆணி. எனக்குப் பதிமூணு வயசுல நம்ம ஆத்தா அடிச்சது. எம் முடியச் சுத்தி அடிச்சது."

முத்துராமன் அவளை நேராகப் பார்த்தார்.

"அவன் ஆணி கேக்கயில நீ அங்கன இருந்தியா?"

"இருந்தேன்."

"எத்தன தடவ கேட்டான்?"

"மூணு தடவ."

"கேட்டுச்சுல்ல ஒனக்கு?"

"கேட்டுச்சு."

கிழவர் அதற்குமேல் கேட்கவில்லை. அறுப்புக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திருப்பதி கோடிச் சேலையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, பாடைக்குப் பக்கத்தில் இருந்த உரல்மேல் வைத்தான். பிறகு தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

"நீங்க ரெண்டு பேரும் பாத்தது ஆணின்னா, ஏண்டா இந்நேரம் வரைக்கும் சொல்லல?" என்று முத்துராமன் ராக்கனைக் கேட்டார்.

"அண்ணன் சொல்லாதேன்னாரு" என்றான் அவன்.

கிழவர் தம்முடைய துண்டை எடுத்து நாலாக மடித்து ராக்கனின் தோளில் வைத்தார். "தலமாட்டுல புடி" என்று சொல்லிவிட்டு, தாம் கால்மாட்டுக்குப் போனார். சங்கு ஊதினார்கள். பாடை எழுந்தது. தெரு முக்கு திரும்பும்வரை சின்னப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள். ராக்கன் குட்டையான ஆள். மற்ற மூவருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று கழுத்தை நிமிர்த்தி நடந்தான்.

ஆண்கள் போன பிறகு, வீட்டுக்காரியை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஊருணிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். யார் அந்த இரண்டு பேர் என்பதற்கு வழக்கமாகப் போட்டியே நடக்கும். இன்றைக்கு ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கூடவே உட்கார்ந்து கழுத்தைக் கட்டி அழுதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வீட்டில் மாடு கத்துகிறது என்று போனாள். ஒருத்தி ஒன்றும் சொல்லாமலே போனாள். சின்னப்பிள்ளை அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் அவளும் அப்படித்தான் போயிருப்பாள். குடத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டாள்.

ஊருணிப் படியில் இறங்கி உட்கார்ந்தபோது பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பொன்னுத்தாய் பிள்ளையை மேல்படியில் உட்கார வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அதில் பாசமா கோபமா என்று கண்டுபிடிக்கிற தெம்பு சின்னப்பிள்ளைக்கு இல்லை. குடத்தை அவள் கையிலிருந்து வாங்கித் தண்ணீரில் அமிழ்த்தினாள் பொன்னுத்தாய்.

"குனிஞ்சுக்குங்க மதினி."

குனிந்தாள். முதல் குடம் தலையில் விழுந்து, முதுகில் இறங்கி, படியில் ஓடியது. மேல்படியில் பிள்ளை அதைப் பார்த்துக் கையைத் தட்டியது.

"இன்னொரு கொடம் ஊத்தவா?" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

"ஊத்து" என்றாள் சின்னப்பிள்ளை.